இலங்கை மலையகத்தில் மலைப்பாதை ஓட்டம்: எந்த மாதம், எந்தப் பக்கம், எந்தப் பாதை

மட்டக்களப்பில் கடற்கரை ரோட்டில் பத்துக் கிலோமீட்டர் சிரமமில்லாமல் ஓடுகிறோம், நானும் தங்கச்சியும் நாலைந்து நாள் மலையகத்தில் தங்கி மலைப்பாதைகளில் ஓட ஆசை, எந்த மாதம் வரலாம், எங்கே ஓடலாம், தனியாக ஓடினால் பயமில்லையா என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், இப்போதும் இங்கேதான் ஓடுகிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், அரைகுறையாகச் சொன்னால் இந்த மலையில் ஆளுக்குத்தான் ஆபத்து.

முதலில் மாதம். மலையகம் என்றால் ஒரே காலநிலை என்று கீழே இருப்பவர்கள் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. நடுவில் நிற்கிற மலைத்தொடர் நாட்டை இரண்டாகப் பிரிக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வரும்போது ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனை, வட்டவளைப் பக்கமெல்லாம் நாள்கணக்கில் நனைந்து கிடக்கும். அதே காற்று ஈரத்தை இங்கே கொட்டிவிட்டு மலையைத் தாண்டிக் காய்ந்த காற்றாக, பதுளை இருக்கிற ஊவாப் பக்கத்தில் இறங்கும். நீங்கள் ஜூலையில் கச்சான் வீசுகிறது என்று புழுங்குகிறீர்களே, அது இதே காற்றுதான். ஆகவே ஓகஸ்டில் விடுமுறை கிடைத்தால் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் மட்டும் வாருங்கள். ஹட்டன் பக்கம் போனால் சப்பாத்து காய ஒரு நாள்கூடக் கிடைக்காது. டிசெம்பர், ஜனவரியில் நிலைமை தலைகீழ், ஊவாவில் மழை, ஹட்டன் பக்கம் வெயில். இரண்டு பக்கமும் ஓட வேண்டுமென்றால் பெப்ரவரி கடைசியும் மார்ச் முதல் பாதியும் நல்லது. அப்போதும் பிற்பகலில் இடிமழை வரலாம், அதனால் விடியலில் தொடங்கிப் பதினொரு மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கூட்டம், அறைக்குச் சொல்லும் விலையைக் கேட்டால் ஓடாமலே மூச்சு வாங்கும்.

ஒக்டோபரிலும் நவம்பரிலும் வரவேண்டாம், இதில் பேச்சுக்கே இடமில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில்தான் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளோடு, சேர்த்து மலை சரிந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் எத்தனையோ இடங்களில் மண் சரிந்து ஊர்கள் அழிந்தன, ரோடும் ரயில் பாதையும் அறுந்தன. இதிலிருந்து ஓடுகிறவர்களுக்கு ஒரு விஷயம் உண்டு: அந்தப் புயலுக்கு முன்னால் யாராவது பதிந்து வைத்த GPS பாதைக் கோப்பைப் போனில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி ஓடாதீர்கள். படத்தில் கோடு இருக்கும், தரையில் பாதை இருக்காது. கிளம்புவதற்கு முந்தின இரவு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவிப்பைப் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலை போடுவார்கள். போகிற பிரதேசத்துக்கு மஞ்சள் போட்டிருந்தாலே அன்றைக்கு நான் தார் ரோட்டில்தான் ஓடுவேன்.

சரி, பாதைக்கு வருவோம். வெளிநாட்டுப் படங்களில் பார்ப்பதுபோல ஓடுவதற்கென்று போட்ட பாதை இங்கே தேட வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டம் முழுவதும் பாதைதான். ஆனால் எல்லாம் ஒரே வகை இல்லை. தோட்டத்து ரோடு என்பது கொழுந்து லொறி போகிற பாதை. அந்தக் காலத்தில் மாட்டு வண்டி ஏறுவதற்காக வளைத்து வளைத்து வெட்டியது, அதனால் ஏற்றம் மெதுவாக இருக்கும், கல் பரப்பியிருக்கும், மூச்சை அடக்கிக்கொண்டு தொடர்ந்து ஓட முடியும். புதிதாக மலைக்கு வருகிறவர்கள் முதல் இரண்டு நாளும் இதைவிட்டு விலகக் கூடாது. அடுத்தது குறுக்கு. ஒரு வளைவிலிருந்து மேல் வளைவுக்கு நேராக வெட்டி ஏறுகிற படி, சில இடத்தில் கல், பல இடத்தில் வெறும் மண். பிள்ளைகள் வெள்ளைச் சப்பாத்தோடு அதில் குதித்து இறங்கிப் பள்ளிக்கூடம் போவார்கள். நாம் பக்கத்திலிருக்கிற தேயிலைக் கிளையைப் பிடித்துக்கொண்டு இறங்குவோம். ஏறுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. இறங்குவதற்கு, மழை பெய்து ஒரு நாள் ஆகும் வரை, இதைவிட மோசமான இடமும் கிடையாது. பாசி பிடித்த கல்லில் எந்த விலைச் சப்பாத்தும் நிற்காது.

மூன்றாவது வகை தேயிலை நிரைக்குள் போகிற தடம். அதில் ஓடவே வேண்டாம். நிரைகளுக்கு நடுவில் மழைத் தண்ணி வடிய கான் வெட்டியிருப்பார்கள், முழங்கால் ஆழம் இருக்கும், மேலே செடி மூடிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாது. ஓடுகிற வேகத்தில் கால் உள்ளே போனால் கணுக்கால் அவ்வளவுதான். கவ்வாத்து வெட்டிய, அதாவது செடியைச் சீவிக் குறைத்த தேயிலை மலை இன்னும் மோசம். இலையெல்லாம் போய்த் தேயிலை மரம் முட்டுயரத்துக்குக் குச்சி குச்சியாக நிற்கும், ஒவ்வொரு குச்சியின் நுனியும் கத்தியால் சரிவாகச் சீவியது, காய்ந்தால் ஈட்டி. அதன்மேல் ஒருவர் தடுக்கி விழுந்து தொடையில் குத்தியதைப் பார்த்திருக்கிறேன். விரிவாகச் சொல்லப் போவதில்லை.

இதிலிருந்தே என் முக்கியமான பேச்சு வருகிறது: ஆள் நடக்கிற பாதையில் ஓடுங்கள். உங்கள் மூன்றாவது கேள்விக்கும் இதுதான் பதில். ஊருக்குள் ஆபத்து, ஆளில்லாத காடு அமைதி என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. இங்கே அது நேர் எதிர். தினமும் ஆள் நடக்கிற பாதையில் குளவிக்கூடு எங்கே இருக்கிறது, எந்த இடத்தில் மண் வாய் பிளந்திருக்கிறது, எந்தப் பாலம் போய்விட்டது என்று அந்தத் தோட்டத்துக்கே தெரியும். கைவிட்ட பாதையில், பற்றை மூடிப்போன பழைய டிவிசன், அதாவது தோட்டப் பிரிவுப் பக்கத்தில், யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஞாயிறும் பௌர்ணமிப் போயா விடுமுறையும் ஓட நல்ல நாள், மலையில் ஆள் இருக்காது என்று நினைப்பீர்கள். நான் வேலை நாளில்தான் ஓடச் சொல்வேன். கொழுந்து பறிக்கிற மலையில் விழுந்து சத்தம் போட்டால் பத்துப் பேர் வருவார்கள். வெறும் மலையில் கத்தினால் எதிரொலிதான் வரும்.

ஆனால் அது அவர்கள் வேலை செய்கிற இடம், அதை மறக்கக் கூடாது. முதுகில் கொழுந்துப் பையோடு அக்காமார் இறங்கி வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, மேல் பக்கம் ஒதுங்கி நின்று வழிவிடுங்கள். மருந்தடிக்கிற மலையென்றால் திரும்பிப் போங்கள். லயத்துக்கு முன்னால் ஓடாதீர்கள், நடங்கள். அது வாசல், மனிதர் சட்டி கழுவுகிற இடம், அதோடு நாய்களும் அங்கேதான். ஓடுகிறவனைக் கண்டால் எந்த லயத்து நாயும் சும்மா இருக்காது. நின்று, குனிந்து கல் எடுக்கிற மாதிரி பாவனை செய்தால் பெரும்பாலும் போய்விடும், வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் இன்னும் நல்லது. கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணியில் கழுவிவிட்டு நேராக அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள், விசர்நோய் வெளிப்பட்டுவிட்டால் அப்புறம் மருந்து இல்லை.

நாயைவிட நான் பயப்படுவது குளவிக்கு. மலையக நாளேடுகளில் குளவி கொட்டித் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரியில் என்ற செய்தி வராத மாதம் அபூர்வம். பெரிய மரத்திலும் பாறை இடுக்கிலும் கூடு தொங்கும், கழுகோ குரங்கோ கலைத்தால் மலையே அலறும். கலைந்துவிட்டால் கையை வீசி அடிக்காமல் தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு வந்த வழியே தூரமாக ஓடுங்கள், இங்கே மட்டும் உங்கள் ஓட்டப் பயிற்சி நேரடியாக உதவும். கொட்டினால் உடம்பு தடிப்பவர் என்றால் ஒவ்வாமை மாத்திரை பையில் இருக்கட்டும். நாலைந்துக்கு மேல் கொட்டினாலோ மூச்சு இழுத்தாலோ மாத்திரையை நம்பாமல் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். போகிற பாதையில் முதலில் சந்திக்கிற ஆளிடம் "அண்ணே, மேல குளவி இருக்கா?" என்று கேட்பது வெட்கமில்லை. இங்கே எல்லோரும் கேட்கிற கேள்விதான் அது.

சிறுத்தை? கேட்பீர்கள் என்று தெரியும். மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத் தோட்டங்களில் இருக்கிறது, உண்மை. ஆனால் அது மனிதனைத் தேடி வருகிற மிருகம் இல்லை, விடியலுக்கு முந்திய இருட்டிலும் மாலை மங்கலிலும் காட்டோரம் தனியே ஓடாமல் இருந்தால் போதும். சிறுத்தையைவிட சிறுத்தையைக் கொல்கிற பொருள்தான் நமக்கு ஆபத்து: பன்றிக்கு வைக்கிற கம்பிச் சுருக்கு. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை அதில் மாட்டி, சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. மரக்கறித் தோட்ட ஓரம், தேயிலையும் காடும் சந்திக்கிற ஓரம், இங்கெல்லாம் பாதையை விட்டு ஒரு அடிகூட இறங்காதீர்கள்.

அட்டை பற்றி எல்லோரும் பெரிதாகப் பேசுவார்கள், அது தொல்லை, ஆபத்து இல்லை. நீளக் காலுறை, கணுக்காலில் ஈரச் சவர்க்காரம் நன்றாகத் தேய்த்துக்கொள்ளுங்கள், நிற்காமல் ஓடுங்கள்.

இனி இடங்கள். உங்களுக்கு பஸ் செங்கலடியால் ஏறி பிபிலை, பசறை வழியே பதுளைக்கு வருகிறது, அதனால் ஊவாவில் தொடங்குவது நியாயம். பதுளையில் நிற்காமல் அப்புத்தளைக்குப் போய்த் தங்குங்கள். அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலே ஒரு முதுகில் உட்கார்ந்திருக்கிற ஊர், தெற்கே பார்த்தால் தரை கீழே விழுந்து சமவெளி தெரியும். அங்கேயிருந்து விடியற்காலை தம்பேதென்னை பஸ்ஸைப் பிடித்துத் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், இறங்குங்கள். தேயிலை வியாபாரி தோமஸ் லிப்டன் 1890இல் வாங்கிய தோட்டம் அது. ஸ்டோரிலிருந்து லிப்டன் சீட் என்கிற உச்சிப் பார்வையிடத்துக்கு ஏழு கிலோமீட்டர், வளைந்து ஏறுகிற தோட்டத்து ரோடு, இடையில் குறுக்குகள் உண்டு, முதல் நாள் அவற்றைப் பார்க்காத மாதிரி போய்விடுங்கள். உச்சி ஏறத்தாழ 1,970 மீற்றர். ஒன்பது, பத்து மணிக்கு மேல் கீழிருந்து மேகம் ஏறிவிடும், பிறகு லிப்டன் என்ன, பக்கத்தில் நிற்கிற தங்கச்சிகூடத் தெரியமாட்டார். இறங்கி ஸ்டோருக்கு வந்ததும் கால் நன்றாக இருந்தால் அப்புத்தளை வரை பத்துக் கிலோமீட்டரையும் ஓடலாம், மொத்தம் இருபத்துநாலு ஆகும். இல்லையென்றால் பஸ்ஸில் ஏறுங்கள், முதல் நாளில் நான் பஸ்ஸைத்தான் சொல்வேன்.

இங்கே ஒரு கணக்கு. மட்டக்களப்பில் ஒரு மணித்தியாலத்தில் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறவர் மலையில் கிலோமீட்டரை எண்ணக் கூடாது, நேரத்தை எண்ண வேண்டும். அறுநூறு மீற்றர் ஏற்றமுள்ள பத்துக் கிலோமீட்டருக்கு இரண்டு மணித்தியாலம் பிடித்தால் அது நல்ல ஓட்டம். செங்குத்தான ஏற்றத்தில் எல்லோரும் நடப்போம், முழங்காலில் கை வைத்து நடப்பதும் ஓட்டத்தில் சேர்த்திதான். உங்களைக் கெடுக்கப் போவது இறக்கம். தட்டையான ரோட்டில் பழகிய தொடைக்கு இறக்கம் தெரியாது, வேகமாக விடாமல் சின்னச் சின்ன அடியாக வைத்து இறங்குங்கள், அப்படியும் இரண்டாம் நாள் காலையில் கட்டிலை விட்டு எழும்பும்போது என்னைத் திட்டுவீர்கள்.

இரண்டாம் நாள் அதனால் மெதுவாக. அப்புத்தளையிலிருந்து அடிஷாம் மடம் மூன்று கிலோமீட்டர் அளவில், அதற்குப் பக்கத்தில் தங்கமலைக் காடு, அந்த முதுகோடு இதல்கஸ்ஹின்ன ஸ்டேசன் பக்கம் இறங்குகிற பாதை இருக்கிறது. நிழல், உதிர்ந்த இலை மெத்தை, இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு. ஊவாவில் எனக்குப் பிடித்த பாதை இதுதான், ஓடுவதற்கென்று செய்தது போல இருக்கும். கேட்டுவிட்டுப் போங்கள், பாதை திறந்திருக்கிறதா, மரம் விழுந்திருக்கிறதா என்று மடத்துக்குப் பக்கத்துக் கடையில் சொல்வார்கள். ஒன்று மட்டும்: திரும்பி வர ரயில் பாதையில் ஓடாதீர்கள். எல்லோரும் படம் பிடிக்கிறார்கள் என்பதால் அது நடைபாதை ஆகிவிடாது, சட்டப்படி குற்றம், மூடுபனியில் ரயில் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாது.

எல்ல என்கிற ஊரைப் பற்றிக் கேட்காதீர்கள். அங்கே குட்டி ஆதாம் சிகரத்தில் ஓட வரிசையில் நிற்க வேண்டும். ஹோட்டன் சமவெளியும் ஓட்டத்துக்கு ஏற்றதில்லை: டிக்கெட் எடுத்து, குறித்த ஒன்பது கிலோமீட்டர் சுற்றில் கூட்டத்தோடு போக வேண்டும், பாதையை விட்டு இறங்க முடியாது, அது நியாயமும்கூட, உலக முடிவு என்று சொல்கிற விளிம்பில் எண்ணூறு மீற்றருக்கு மேல் பள்ளம். பார்க்கப் போங்கள், நடந்து போங்கள். நக்கிள்ஸ் மலைத்தொடர் வேறு கதை, வனத் திணைக்கள அனுமதி, வழிகாட்டி, அட்டை, பாதை பிரிகிற குழப்பம் என்று தனிப் பதிலே எழுத வேண்டும். முதல் தடவைக்கு வேண்டாம்.

அப்புறம் மேற்குப் பக்கம். பீக்கோ ட்ரெயில் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நடைபாதை, 22 பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். புதிதாக வெட்டியதில்லை, எங்கள் ஆட்கள் தலைமுறையாக நடந்த தோட்டத்துப் பாதைகளைக் கோத்து, அம்புக்குறி போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் உங்களுக்கு அது நல்லது, ஒவ்வொரு பகுதியும் பெரும்பாலும் ஒரு பஸ் பாதைக்குப் பக்கத்தில் தொடங்கி இன்னொன்றுக்குப் பக்கத்தில் முடியும். கண்டிப் பக்கம் தங்கினால் கலஹாவிலிருந்து லூல்கந்துரை வரை ஓடலாம். இலங்கைத் தேயிலையின் முன்னோடி ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட தோட்டம் அது. ஹட்டனில் தங்கினால் கொட்டகலையிலிருந்து நோர்வூட், அல்லது நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை. நீங்கள் ஊவாவிலிருந்து வருவதால் ஹட்டனையே சொல்வேன். அங்கே காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் போகிற தோட்டத்து ரோடுகளில் ஏற்றம் குறைவு, காலையில் தண்ணிக்கு மேல் பனி நிற்கும், காலுக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டே ஓடலாம்.

வழி கேட்பதற்கு ஒரு தந்திரம். "எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் "இந்தா கிட்டத்தான்" என்பார்கள், அது ஒரு கிலோமீட்டராகவும் இருக்கும் ஆறாகவும் இருக்கும். "நீங்க நடந்து போனா எவ்வளவு நேரம்?" என்று கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள், அதே நேரத்தில்தான் நீங்கள் ஓடிப் போய்ச் சேர்வீர்கள். "குறுக்கு இருக்கா?" என்று மட்டும் ஆசையாகக் கேட்டுவிடாதீர்கள், சந்தோஷமாகக் காட்டிவிடுவார்கள்.

தண்ணிக்குப் பீலி, அதாவது ஊற்று நீர்க்குழாய், நிறைய இருக்கிறது, ஆனால் மேலே மருந்தடிக்கிற தேயிலையோ உருளைக்கிழங்குத் தோட்டமோ இருந்தால் குடிக்காதீர்கள். தோட்டத்துக் கடைகளில் தேத்தண்ணி, ரொட்டி, பணிஸ், வாழைப்பழம் கிடைக்கும், சில்லறைக் காசு கொண்டுபோங்கள். ஒரு மெல்லிய மழைச்சட்டை, விசில், போனில் சிக்னல் இல்லாமலே வேலை செய்கிற வரைபடம், இவ்வளவும் சின்னப் பையில் இருக்கட்டும். தங்கச்சி தனியே ஓடுவதைப் பற்றிக் கேட்டால், காலை எட்டு மணிக்குப் பிறகு தோட்டத்து ரோட்டில் பயமில்லை, மலையில் பாதிப்பேருக்கு மேல் பெண்கள்தான். எங்கே போகிறாள், யார் வீட்டுப் பிள்ளை என்று பத்து இடத்தில் கேட்பார்கள், அதற்குப் பொறுமை வேண்டும். நகர்ப்புறத்தை ஒட்டிய டர்பன்டைன் மரக்காடுகளில் மட்டும் இரண்டு பேராகப் போங்கள்.

சிவனொளிபாதமலையைக் கடைசி நாளுக்கு வையுங்கள். பருவகாலம் டிசெம்பர் போயாவிலிருந்து மே வெசாக் வரை, நல்லதண்ணிப் பக்கம் ஏறத்தாழ 5,500 படி, உச்சி 2,243 மீற்றர், அடிவாரத்திலிருந்து ஆயிரம் மீற்றர் ஏற்றம். இரவில் ஏறுகிற கூட்டத்தில் ஓட நினைக்காதீர்கள், கைக்குழந்தையோடும் கிழவிகளோடும் வருகிற யாத்திரை அது. வார நாளில், சூரியன் பார்த்தவர்கள் இறங்கி முடிந்த பிறகு, எட்டரை ஒன்பதுக்குத் தொடங்கினால் படி காலி. முதல் தடவை வருகிற சிங்கள யாத்திரிகர்கள் ஊசிமுனை என்று சொல்கிற இடத்திலிருந்து வெள்ளை நூலைப் பிரித்துக்கொண்டே ஏறுவார்கள், கைப்பிடி ஓரமெல்லாம் அது சுற்றிக் கிடக்கும், சப்பாத்தில் சிக்கும், பார்த்து. உச்சியில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும், கல் குளிரும், காலுறை கழுவியதாக இருக்கட்டும். ஏறும்போது முடிந்த அளவு வேகமாகப் போங்கள், இறங்கும்போது ஓடவே வேண்டாம். மறுநாள் ஹட்டனிலிருந்து மட்டக்களப்புக்குப் பல மணி நேரம் பஸ்ஸில் முழங்காலை மடக்கி உட்கார வேண்டியிருக்கிறது, ஜன்னலோரச் சீட்டை விட்டுவிட்டு நடைபாதைப் பக்கச் சீட்டைப் பிடியுங்கள்.